கொம்பியூட்டர் ஒன் ஆகவில்லையா? மதர்போர்ட் வாங்க ஓடுமுன் செய்து பார்க்க வேண்டியவை

பவர் பட்டனை அமத்துகிறீர்கள். ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை. வீட்டில் யாராவது உடனே "மதர்போர்ட் போயிட்டுது போல" என்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணையும் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொல்லுவார். அடுத்த நாள் டவுனுக்குப் போய் ஒரு மதர்போர்ட் வாங்கிப் பூட்டிய பிறகும் மெஷின் அப்படியே கிடக்கும். பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த காசை இப்படி விட்ட குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

முழுதாகச் செத்துக் கிடக்கிற மெஷினில், எல்லாப் பாகங்களும் வந்து பூட்டப்படும் பெரிய போர்ட்டான மதர்போர்ட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். அது பழுதாகாது என்பதல்ல காரணம். பவர் சப்ளையை (சுவர் மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியை), சுவிச்சை, வயரை வீட்டில் வைத்தே சோதிக்கலாம். மதர்போர்ட்டை நேரடியாகச் சோதிக்க நம்மிடம் கருவி கிடையாது. மற்றதெல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகுதான் மிஞ்சுவது அதுதான் என்று சொல்ல முடியும்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வோம்? மோட்டருக்குக் கரண்ட் வருகிறதா, மோட்டர் சுற்றுகிறதா, அடி வால்வு பிடிக்கிறதா, பைப் எங்காவது வெடித்திருக்கிறதா என்று கிணற்றடியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவோம். இங்கேயும் அதே வேலைதான். கரண்ட் சுவரிலிருந்து புறப்பட்டு மதர்போர்ட் வரை எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியே நாமும் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்று நான்கை ஒன்றாகக் கழற்றி மாட்டினால் மெஷின் தற்செயலாக ஓடினாலும் எது பழுது என்று விளங்காது. அடுத்த கிழமை திரும்பவும் நின்றுவிடும்.

இது டெஸ்க்டொப் மெஷின்களுக்கான வழிகாட்டி. லப்டொப்பின் கதை வேறு.

தொடங்குமுன்

ஒரு நட்சத்திர ஸ்குரூட்ரைவர், ஃபோன் டோர்ச், ஒரு பேப்பர் கிளிப், முடிந்தால் ஒரு மல்ரிமீற்றர். மலிவான மீற்றரே போதும். எதையும் கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு யோசித்துத் தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

கேசிங்கைத் திறந்து கை வைக்குமுன் சுவர் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். உள்ளே உள்ள வெறும் இரும்பு ஒன்றைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள். ராம் (நினைவகப் பட்டை), மதர்போர்ட் எதையும் ஓரத்தில் பிடித்தே தூக்குங்கள்.

இதைப் பிடிவாதமாகவே சொல்கிறேன்: பவர் சப்ளை பெட்டியைத் திறக்க வேண்டாம். நமது 230 வோல்ற் மின்சாரம் அதற்குள் போனதும் ஏறத்தாழ 325 வோல்ற் நேர் மின்னாக (டிசி) மாறி ஒரு பெரிய கொள்ளளவியில் (கப்பாசிற்றர்) ஏறி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தப் பெட்டியை வெளியே இருந்து சோதிக்கலாம், மாற்றலாம். அவ்வளவுதான்.

முதலில் அறிகுறியைச் சரியாகப் பாருங்கள்

"ஒன் ஆகுதில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் மெஷின்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஃபேன் வழமை போலச் சுற்றுகிறது, மொனிற்றரில் மட்டும் படம் இல்லை என்றால் அது வேறு வருத்தம். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பூட்டுவது, மொனிற்றர் கேபிளை மாற்றுவது என்று அதற்குத் தனி வழி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய மெஷின் என்றால் மொனிற்றர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கட்டுரைக்கு உரியவை இரண்டு. ஒன்று, அமத்தினால் எந்த அசைவும் இல்லாதது. மற்றது, ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றிச் சட்டென்று நிற்பது. இரண்டாவது வகை உங்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல தடயம். பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. அது எங்கோ ஒரு ஷோர்ட்டைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்த வகை என்றால் கீழே கேசிங்குக்கு வெளியே வைத்துச் சோதிக்கும் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

சுவரிலிருந்து கேசிங் வரை

அதே பிளக் பொயின்றில் ஒரு மேசை விளக்கையோ ஃபோன் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். எரிகிறதா? பிறகு எக்ஸ்டென்ஷன் கோட், யூபிஎஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மெஷினின் பவர் கேபிளை நேரே சுவரில் செருகிப் பாருங்கள். யூபிஎஸ்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். அதற்குள் இருக்கும் 12 வோல்ற் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பற்றரி முழுதாகச் செத்தால் சில யூபிஎஸ்கள் வீட்டில் கரண்ட் இருக்கும்போதுகூட ஒன் ஆகாது. பார்ப்பவருக்குக் கொம்பியூட்டர் செத்தது போலத் தெரியும்.

சதுர முள் பிளக் என்றால் அதற்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும்; அது எரிந்திருக்கலாம். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மொனிற்றருக்குப் போகும் கேபிளும் அநேகமாக அதே வகைதான், ஒரு நிமிடம் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம். பேனை மூடியால் தடுப்பைத் தள்ளி, இரண்டு முள் பிளக்கை மூன்று முள் பொயின்றில் திணிக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கொம்பியூட்டருக்கு அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாவிட்டால் பவர் சப்ளையின் உள்ளமைப்பே கேசிங்கில் மின்னழுத்தம் ஒன்றை ஏற்றிவிடும். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்று பலர் சொல்வது அதைத்தான்.

பவர் சப்ளையின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சுவிச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமந்திருந்தால் ஒன், வட்டம் போட்ட பக்கம் அமந்திருந்தால் ஓஃப். வீடு கூட்டும்போது கை பட்டு ஓஃப் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமலே கடைக்குக் கொண்டு போய்விடுவார்கள். பழைய பவர் சப்ளை என்றால் அதன் அருகில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிச் ஒன்றும் இருக்கலாம். அது எப்போதும் 230 இல்தான் இருக்க வேண்டும். 115 இல் வைத்து இங்கே கரண்ட் கொடுத்தால் டம் என்று வெடித்துச் சப்ளை போய்விடும்.

பிளக்கைப் போட்டதுமே வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறதென்றால் இனிப் பரிசோதனை வேண்டாம். கேபிளை மாற்றியும் விழுந்தால் பவர் சப்ளைக்குள் கசிவோ ஷோர்ட்டோ இருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் ஒரு எளிய வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கி நிற்கும் மின்சாரம் வடியும். சில நிமிடம் விட்டுத் திரும்பச் செருகி ஒன் பண்ணுங்கள். கரண்ட் போய் வந்ததோடு நின்றுபோன மெஷின்கள் இதிலேயே எழும்புவது உண்டு. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று ஒருமுறை பூட்டிக்கொண்டால் மின்சாரம் முழுதாக வடியும்வரை அது விடாது.

கரண்ட் போய் வருவதைச் சொல்லும்போது ஒன்று. 2022 இல் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியும் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. மின்சாரம் திரும்ப வரும் அந்தக் கணத்தில் வோல்ற்றேஜ் ஏறி இறங்கலாம். கரண்ட் நின்றால் மெஷினின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

மூடியைத் திறந்த பிறகு

பிளக் கழற்றிய நிலையில் பக்க மூடியை எடுத்து, முதலில் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். கருகல் மணம் எங்கிருந்து வருகிறது? பவர் சப்ளையின் பின்துளையில் மூக்கை வைத்தால் பல நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்தின் கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தூசு ஃபேனில் களிம்பு போல ஒட்டியிருக்கும். குருநகர், பாசையூர், தீவுப் பகுதி மெஷின்களில் உப்புக் காற்றினால் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். எறும்பு கூடு கட்டியிருக்கும்; பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும். பல்லியின் வால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கிடந்தாலே மெஷினை நிறுத்தப் போதும். மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். பச்சை பூத்த இடத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள்.

பிறகு மதர்போர்ட்டுக்கு வரும் இரண்டு பவர் கனெக்டர்களையும் பாருங்கள். 24 ஊசி உள்ள பெரியது ஒன்று. மெஷினின் மூளையான சிபியூவுக்கு அருகே 4 அல்லது 8 ஊசி உள்ள சிறியது ஒன்று. இரண்டையும் கழற்றி, கிளிப் "கிளிக்" என்று விழும்வரை திரும்ப அமத்துங்கள். பெரியது பாதி ஏறி நிற்பது கண்ணுக்குச் சரி போலவே தெரியும். கனெக்டரின் ஒரு மூலை மட்டும் மண்ணிறமாக உருகியிருந்தால் அங்கே தொடுகை தளர்ந்து சூடேறியிருக்கிறது.

இனி மூடியில்லாமலே பிளக்கைச் செருகுங்கள், பட்டனை அமத்த வேண்டாம். பல மதர்போர்ட்டுகளில் ஒரு சின்ன லைட் உடனே எரியும். பவர் சப்ளை, மெஷின் ஓஃபாக இருக்கும்போதும் ஒரு 5 வோல்ற்றை மதர்போர்ட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அது வந்து சேர்கிறது என்பதற்கு அந்த லைட் சாட்சி. எரிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டோம். எரியாவிட்டால் உடனே முடிவு கட்டாதீர்கள், எல்லா மதர்போர்ட்டிலும் அப்படி ஒரு லைட் இருப்பதில்லை.

பட்டனைச் சந்தேகியுங்கள்

கேசிங்கின் முன்பக்கப் பட்டன் ஒரு மலிவான சுவிச். அதிலிருந்து மெல்லிய இரண்டு வயர் மதர்போர்ட்டின் கீழ் மூலைக்கு வரும். அங்கே இரண்டு வரிசை ஊசிகள் இருக்கும்: ஒன்றில் ஐந்து, மற்றதில் நான்கு, நான்கு உள்ள வரிசையின் கடைசியில் ஒரு வெற்றிடம். பெரும்பாலான மதர்போர்ட்டுகளில், அந்த வரிசையிலேயே வெற்றிடத்துக்கு அடுத்து நிற்கும் இரண்டு ஊசிகளும்தான் பவர் சுவிச்சுக்கு உரியவை. போர்ட்டின் மேலேயே எழுதியிருக்கும். மனுவல் இருந்தால் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டில் செருகியிருக்கும் சின்னத் தலையைக் கழற்றிவிட்டு, ஸ்குரூட்ரைவர் நுனியால் இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு எடுங்கள். பட்டன் செய்கிற வேலையும் இவ்வளவுதான். மெஷின் ஓடினால் பழுது பட்டனில்தான். ரீசெற் பட்டனின் வயரைக் கழற்றி இந்த ஊசிகளில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெற் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். ஒரு ரூபாய் செலவில்லை. கடற்கரைப் பக்க வீடுகளில் இந்தப் பட்டன் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அப்போது மெஷின் தானாக ஒன் ஆகி நாலு செக்கனில் தானாக ஓஃப் ஆகும். பட்டனைத் தொடர்ந்து அமத்திப் பிடித்தால் நடப்பதும் அதுதானே.

பவர் சப்ளையை நிரூபிப்பது

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பலர் தவறான பொருளை வாங்குவது இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதால்தான்.

பிளக்கைக் கழற்றி, 24 ஊசிக் கனெக்டரை மதர்போர்ட்டிலிருந்து எடுங்கள். மற்ற எல்லாக் கனெக்டர்களையும் கழற்றுங்கள். வயர்கள் நிறத்தில் இருந்தால் பச்சை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதற்கு இரு பக்கமும் கறுப்பு. இப்போது வரும் சில பவர் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். அப்போது இப்படி எண்ணுங்கள்: கனெக்டரின் கிளிப் உள்ள பக்கத்து வரிசையைப் பாருங்கள். 12 துளைகளில் ஒன்றில் வயரே இராது. எந்த முனையிலிருந்து எண்ணினால் அந்த வெற்றுத் துளை 8 ஆவதாக வருகிறதோ, அந்த முனையிலிருந்து 4 ஆவதுதான் பச்சைக்குரிய இடம். 5 ஆவது கறுப்பு, அதாவது தரை. இரண்டு முறை எண்ணுங்கள்.

பேப்பர் கிளிப்பை வளைத்து அந்த இரண்டு துளைகளிலும் செருகுங்கள். சப்ளைக்குச் சுமையாக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையோ கேசிங் ஃபேனையோ மாட்டுங்கள். சில சப்ளைகள் சுமை இல்லாமல் ஓடாது. கிளிப்பில் கை படாமல் விலகி நின்று பிளக்கைச் செருகிச் சுவிச்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. சுற்றாவிட்டால் அநேகமாகப் போய்விட்டது. விலை கூடிய சில சப்ளைகளின் சொந்த ஃபேன் சுமை குறைவாக இருக்கும்போது சுற்றாது. ஆகவே நீங்கள் மாட்டிய ஃபேனைத்தான் பார்க்க வேண்டும்.

உயிர் இருந்தால் மட்டும் போதாது, பலமும் இருக்க வேண்டும். மல்ரிமீற்றரை நேர் மின் 20 வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மற்ற வயர்களிலும் வைத்துப் பாருங்கள். மஞ்சள் 11.4 இலிருந்து 12.6 வரை, சிவப்பு 4.75 இலிருந்து 5.25 வரை, செம்மஞ்சள் 3.14 இலிருந்து 3.47 வரை இருக்க வேண்டும். ஊதா, நான் மேலே சொன்ன அந்த எப்போதும் வரும் 5 வோல்ற், அதற்கும் 4.75 இலிருந்து 5.25 தான் எல்லை. சாம்பல் நிற வயர் 5 வோல்ற்றுக்குக் கிட்ட வர வேண்டும். "எல்லா வோல்ற்றேஜும் நிலைத்துவிட்டது, நீ தொடங்கலாம்" என்று சப்ளை மதர்போர்ட்டுக்குச் சொல்லும் வயர் அது. அது வராவிட்டால் ஃபேன் சுற்றினாலும் மெஷின் தொடங்காது.

மீற்றர் உள்ளவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஒரு சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பிளக்கைச் செருகி, 24 ஊசிக் கனெக்டர் மதர்போர்ட்டில் பூட்டியிருக்கும்போதே, அதன் பின்பக்கத்தில் வயர் உள்ளே போகும் இடத்தில் மீற்றர் முனையை மெதுவாக இறக்குங்கள். முதலில் ஊதா, 5 வோல்ற் வர வேண்டும். கனெக்டரைக் கழற்றினால் 5 வருகிறது, மாட்டினால் விழுந்துவிடுகிறது என்றால் மதர்போர்ட்டில் ஏதோ அதை இழுத்து விழுத்துகிறது. அல்லது சப்ளையின் அந்தப் பகுதி பலவீனமாகிவிட்டது. வேறு ஒரு சப்ளையை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

பிறகு பச்சை, சப்ளையை எழுப்ப மதர்போர்ட் பாவிக்கும் வயர். மெஷின் ஓஃபாக இருக்கும்போது அதில் 2 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். பட்டனை அமத்தியதும் பூச்சியத்துக்குக் கிட்ட விழ வேண்டும். விழுந்தும் சப்ளை எழும்பாவிட்டால் மதர்போர்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை சப்ளையில், அல்லது சப்ளை ஏதோ ஷோர்ட்டைக் கண்டு நிற்கிறது. பச்சை விழவே இல்லை, பட்டனும் நல்லது என்றால்தான் முதல்முறையாக மதர்போர்ட்டைப் பார்த்து விரல் நீட்டலாம்.

பாவித்த பிராண்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து வந்த டெல், எச்பி, லெனோவோ மெஷின்கள்தான். நல்ல மெஷின்கள். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு 24 ஊசிக் கனெக்டரே கிடையாது. 6, 8, 10, 14 என்று கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். மேலே சொன்ன பேப்பர் கிளிப் சோதனையை அவற்றில் செய்யாதீர்கள். நிறங்களும் இடங்களும் அதே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

அதற்குப் பதிலாக அவை தாமே பேசும். டெல் ஒப்ரிபிளெக்ஸ் மெஷின்கள் பலவற்றில் பவர் சப்ளையின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டனும் பச்சை லைட்டும் இருக்கும். பிளக்கைச் செருகி அந்தப் பட்டனை அமத்தினால் பச்சை எரிய வேண்டும். எரியாவிட்டால், உள்ளே போகும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுத் திரும்ப அமத்துங்கள். அப்போது எரிந்தால் சப்ளை நல்லது, உள்ளே ஷோர்ட். முன் பட்டனின் லைட் செம்மஞ்சளில் சிமிட்டினாலோ, எச்பியில் சிவப்பில் சிமிட்டிப் பீப் அடித்தாலோ, எத்தனை முறை என்று எண்ணி எழுதி வையுங்கள். மொடல் இலக்கத்தோடு கம்பனியின் இணையத்தளத்தில் தேடினால் அந்த எண்ணிக்கையின் பொருள் கிடைக்கும். கடைக்குப் போனாலும் "லைட் மூன்று தரம், பிறகு ஐந்து தரம் சிமிட்டுது அண்ணை" என்று சொல்கிற பிள்ளைக்கு வேலை விரைவாக முடியும்.

கேசிங்குக்கு வெளியே எடுத்துப் பார்த்தல்

சப்ளை நல்லது, பட்டன் நல்லது, ஆனாலும் எழும்பவில்லை. அல்லது அரைச் சுற்றில் நிற்கிறது. இனி ஷோர்ட்டைத் தேட வேண்டும். முழுவதையும் கழற்றுமுன் எளிதானவற்றைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்ட், ஹார்ட் டிஸ்க், டிவிடி ட்ரைவ், பின்னால் செருகிய யூஎஸ்பி சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

அடுத்து முன்பக்க யூஎஸ்பி. கேசிங்கின் முன்னால் உள்ள யூஎஸ்பி துளைக்குள் டோர்ச் அடியுங்கள். நடுவே ஒரு பிளாஸ்ரிக் நாக்கும் அதன்மேல் நான்கு சின்னத் தகடுகளும் தெரிய வேண்டும். பென் டிரைவை முரட்டுத்தனமாகச் செருகிச் செருகி அந்த நாக்கு உடைந்திருக்கும். தகடுகள் மடங்கி வெளி உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 5 வோல்ற் நேரே தரையில். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு அறையிலிருந்து வந்த மெஷின் இப்படித்தான் இருந்தது. மதர்போர்ட் போய்விட்டதென்று வெளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்பக்க யூஎஸ்பி வயரை மதர்போர்ட்டிலிருந்து உருவியதும் மெஷின் எழும்பியது. அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் இந்த ஒரு வயரைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உருவிப் பாருங்கள், பத்து செக்கன் வேலை.

இதிலும் இல்லை என்றால் மதர்போர்ட்டை வெளியே எடுங்கள். மதர்போர்ட் வந்த மட்டைப் பெட்டியோ ஒரு காய்ந்த பலகையோ போதும். நிலைமின் தடுப்புப் பையின் மேல் வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் பையின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். எடுக்கும்போது அதன் அடியிலும் பாருங்கள். கழன்று விழுந்த ஸ்குரூ அங்கே சிக்கியிருக்கும். மதர்போர்ட்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று, ஸ்குரூத் துளை இல்லாத இடத்தில் நின்று அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். புதிதாகத் தாங்களே பூட்டியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

மேசையில் சிபியூ, கூலர், ஒரு ராம், இரண்டு பவர் கனெக்டர்கள், இவை மட்டும். அந்த இரண்டு ஊசிகளை ஸ்குரூட்ரைவரால் தொடுங்கள். ஓடினால் கழற்றி வைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டு. எதைப் பூட்டியதும் நிற்கிறதோ அதுதான் பழுது. ஓடாவிட்டால் அந்த ஒரு ராமையும் எடுத்துவிடுங்கள். மதர்போர்ட்டில் சின்னப் பீப் ஸ்பீக்கர் இருந்து, ராம் இல்லாமல் அது பீப் அடித்தால் மதர்போர்ட்டும் சிபியூவும் உயிரோடு இருக்கின்றன.

வட்டப் பற்றரி, சிஆர் 2032. பழைய மெஷினில் அதை மாற்றுவது நல்லது. 3 வோல்ற் இருக்க வேண்டியது. அது தளர்ந்தால் பெரும்பாலும் நேரமும் திகதியும்தான் பிழைக்கும். சில மதர்போர்ட்டுகள் மட்டும் அதனால் எழும்ப மறுக்கும். பிளக்கைக் கழற்றி, பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துப் போட்டால், மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸின் அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும்.

மதர்போர்ட்தான் என்று எப்போது சொல்லலாம்

மேலே உள்ளது எல்லாம் முடிந்த பிறகு. அப்போது சில அடையாளங்களைத் தேடுங்கள். சிபியூவைச் சுற்றி நிற்கும் உருளைக் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே வீங்கியோ, மண்ணிறச் சாறு கசிந்தோ இருந்தால் அவை போய்விட்டன. 2000 களின் முற்பகுதியில் வந்த மதர்போர்ட்டுகளில் இது பெரும் தொல்லையாக இருந்தது. இப்போதைய திண்மக் கொள்ளளவிகளில் குறைவு. சிபியூவுக்கு அருகே உள்ள சின்னக் கறுப்புச் சதுரங்களில் (மொஸ்ஃபெற்) துளையோ கருகலோ இருக்கிறதா?

மீற்றர் இருந்தால் பிளக்கையும் இரண்டு பவர் கனெக்டர்களையும் கழற்றிய நிலையில், ஓம் அளவில் வைத்து, சிபியூவுக்கு அருகே உள்ள 4 அல்லது 8 ஊசிச் சொக்கற்றில் மஞ்சள் வயர் வரும் ஊசிக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட நிலைத்து நின்றால் அங்கே உள்ள மொஸ்ஃபெற் ஒன்று ஷோர்ட். ஃபேன் அரைச் சுற்றில் நின்றதற்கு அதுதான் காரணம்.

மாரி தொடங்கும் ஒக்ரோபர், நவம்பரில் இடி மின்னலோடு நின்றுபோகும் மெஷின்களில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மின்னல் பவர் வயரால் மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பியால் ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து நெற்வேர்க் கேபிளால் மதர்போர்ட்டுக்கு ஏறும். பிளக்கை மட்டும் செருகி, ஒன் பண்ணாமல், நெற்வேர்க் துளைக்குப் பின்னால் உள்ள சின்ன ஐசியின் மேல் விரலை மெதுவாகக் கொண்டு போங்கள். ஓஃபாக உள்ள மெஷினில் அது கையைச் சுடுகிறது என்றால் எரிந்திருக்கிறது. எப்போதும் வரும் அந்த மின்சாரத்தை அதுவே இழுத்து விழுத்திக்கொண்டிருக்கும். இடி கேட்டால் பிளக்கோடு நெற்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சிபியூவைக் கழற்ற வேண்டி வந்தால் கூலரை நேரே இழுக்காதீர்கள். கூலருக்கும் சிபியூவுக்கும் இடையே பூசிய பேஸ்ற் காய்ந்திருந்தால், ஏஎம்டி கம்பனியின் ஏஎம்4 வகைச் சிபியூ சொக்கற்றிலிருந்து பிடுங்கப்பட்டுக் கூலரோடு வந்துவிடும், ஊசிகள் வளையும். மெதுவாக இடமும் வலமும் திருப்பி ஒட்டை விட வைத்துப் பிறகு தூக்குங்கள். இன்ரெல் என்றால் ஊசிகள் சொக்கற்றிலேயே இருக்கும். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லா ஊசிகளும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது.

மாற்றுவதென்றால்

உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால் எந்த ஸ்ரிக்கரையும் உரிக்காதீர்கள், எதையும் ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பில்லோடு கொண்டு போங்கள். உத்தரவாதச் சாமான்கள் பல நேரம் கொழும்புக்குப் போய்த்தான் வரும், நாள் எடுக்கும். இன்ரெல் மதர்போர்ட்டை அனுப்பும்போது சொக்கற்றின் பிளாஸ்ரிக் மூடியைப் போட்டு அனுப்புங்கள். ஊசி வளைந்து போனால் உத்தரவாதமும் போய்விடும்.

உத்தரவாதம் முடிந்திருந்தால், கொள்ளளவி மாற்றுவது, எரிந்த ஐசியைக் கழற்றுவது போன்றவற்றை நல்ல கைவேலைக்காரர் செய்வார். வேலைக்குக் கொடுக்குமுன் நீங்கள் எதையெல்லாம் சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாவித்த மதர்போர்ட் வாங்குவதானால் உங்கள் சிபியூவின் சொக்கற் இலக்கம் பொருந்த வேண்டும். இன்ரெல்லின் 1151 என்ற இலக்கத்திலேயே ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு தலைமுறைகள் உண்டு. ஆகவே சிபியூவின் மொடலைச் சொல்லியே கேளுங்கள். உங்கள் சிபியூவையும் ராமையும் கொண்டு போய், கடையிலேயே பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய மதர்போர்ட்டைச் சாகடித்தது பவர் சப்ளைதான் என்ற சந்தேகம் இருந்தால், அதே சப்ளையைப் புதியதோடு மாட்டாதீர்கள்.

கோப்புகளை நினைத்து அழ வேண்டாம். மதர்போர்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது என்று பொருளில்லை. டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சின்னக் கேபிள் ஒன்று இருந்தால் டிஸ்க்கை வேறு ஒரு மெஷினில் மாட்டி, ஆய்வுக் கட்டுரையோ கல்யாணப் படமோ எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 மெஷின் என்றால் டிஸ்க்கில் உள்ளவை பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி (பிட்லொக்கர்) வைக்கப்பட்டிருக்கலாம். வேறு மெஷினில் மாட்டியதும் 48 இலக்கத் திறப்பு ஒன்றைக் கேட்கும். நீங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தவர் என்றால் அந்த இலக்கம் அநேகமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலிருந்தே உள்நுழைந்து எடுக்கலாம். மெஷின் நன்றாக ஓடுகிறவர்கள் அந்த இலக்கத்தை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.